உரைகல்லின் இருபதுக்கு இருபது

விசாரணையில் இருந்தவர்கள்:

செண்பகராமன், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், தலைமை.
ஜெபசீலன், பேராசிரியர், கணினித் துறை. புகார் கொடுத்தவர்.
கோமதிநாயகம், எழுத்தர்.
மாரிக்கனி, இரண்டாம் ஆண்டு மாணவி. புகாருக்கு உள்ளானவர்.
இசக்கிமுத்து, உரைகல் இயக்குபவர், இரவுப் பணி.

கடைசிப் பெயர் என்னுடையது. வரிசையைக் கணினியில் தட்டியவர் கோமதிநாயகம் அண்ணாச்சி. உரைகல்லின் பெயர் அதில் இல்லை. மேசை நடுவில், தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில், டிபன் கேரியர் உயரத்தில் சாம்பல் நிறப் பெட்டியாக அது உட்கார்ந்திருந்தது. தலையில் ஒரு கேமரா, முகத்தில் ஒரு சின்னத் திரை. முதுகிலிருந்து ஒரு ஒயர் சுவருக்குள் போனது. மின்விசிறியை வருகைப் பதிவில் சேர்ப்பதில்லை. அதனால் இதையும் சேர்ப்பதில்லை.

என் வேலை காலை ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. பகல் ஆள் விடுப்பில் இருந்தார். "பத்து நிமிச வேலைதாம்ல, இருந்து பெட்டியைப் போட்டுக் குடுத்துட்டுப் போ" என்று அண்ணாச்சி பிடித்து வைத்தார். விசாரணை பத்து மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றுக்கும் அவர்கள் குற்றச்சாட்டிலேயே இருந்தார்கள்.

குற்றச்சாட்டு சின்னதுதான். 'கணிப்பியல் கோட்பாடு: ஓர் அறிமுகம்' என்ற தாளில் நான்காம் கேள்விக்கு மாரிக்கனி எழுதிய விடை அவள் யோசித்ததல்ல. அவளுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த நயினார் யோசித்தது. எது யார் யோசித்த விடை என்று கண்டுபிடிக்கிற உரைகல் அப்படிச் சொல்லியிருந்தது.

தண்டனை சின்னதில்லை. மூன்று வருடம் தேர்வெழுதத் தடை; உத்தரவு ஏற்கெனவே போட்டாயிற்று. தடை உத்தரவு ரத்தாகாவிட்டால் அன்று மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் அடுத்த தாளை அவள் எழுத முடியாது. ஒரு தாளுக்கு வராதவருக்குக் கட்டணமில்லா இடம் மறு வருடம் கிடையாது. அவள் அப்பா உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவர். இடம் போனால் படிப்பு போயிற்று. தாமதமாக வருகிறவர்களை இரண்டரை வரை ஹாலுக்குள் விடுவார்கள். அவளுக்கு இருந்தது அதுவரையிலான நேரம்.

"கேள்வி என்ன?" என்றார் செண்பகராமன். கோப்பில் இருந்தது. ஆனாலும் அவள் வாயால் வர வேண்டும்.

"எந்த நிரலைக் குடுத்தாலும், இது ஓடி முடிஞ்சு நிக்குமா, இல்ல நிக்காம ஓடிக்கிட்டே இருக்குமான்னு சொல்லிடுற ஒரு நிரலை எழுத முடியுமா? காரணம் காட்டுக. அதான் சார்."

"நீ என்ன எழுதின?"

"முடியாதுன்னு எழுதினேன். அப்படிச் சொல்ற நிரல் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்கிட்டா, அது என்ன சொன்னாலும் அதுக்கு நேர்மாறா செய்ற இன்னொரு நிரலை எழுதிடலாம். மறுவீட்டுக்கு வந்து முறுக்கிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி."

"அந்த மாப்பிள்ளையைப் பத்தி முழுசா சொல்லு."

"சாப்பிடுவார்னு இலை போட்டா சாப்பிட மாட்டார். மாட்டார்னு இலையை எடுத்தா உக்காந்துடுவார். அவரைப் பத்தி யார் என்ன சொன்னாலும் பொய்யாத்தான் போகும். அதனால எல்லா மாப்பிள்ளைக்கும் சரியா சொல்ற ஆளே இருக்க முடியாது."

கோமதிநாயகம் அண்ணாச்சி தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். செண்பகராமன் பார்த்தார். அண்ணாச்சி மறுபடி தட்டினார்.

"நயினார் தாள்லயும் இதே மாப்பிள்ளை இருக்காரே?" என்றார் பேராசிரியர் ஜெபசீலன். "வகுப்புல நான் மாப்பிள்ளையைப் பத்திப் பேசவே இல்லையேம்மா."

"எங்க வீட்டுல அப்படி ஒரு அத்தான் இருக்காரு சார்."

"நயினார் வீட்டுல?"

"எல்லார் வீட்டுலயும் இருப்பாரு சார்."

"எங்க வீட்டுல ரெண்டு" என்றார் அண்ணாச்சி. இந்த முறை அவரே அதைத் தட்டவில்லை.

அவளை நான் நம்பவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பயந்தவள் தன் கையைப் பார்ப்பாள். அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக, எது முதலில் இளகும் என்று கணக்கெடுப்பதைப் போல. என் முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. புத்திசாலி.

"அது எப்படி சார் இது அவன் யோசிச்சதுன்னு சொல்லுது?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"ஒவ்வொருத்தர் யோசிக்கிறதுக்கும் ஒரு நடை இருக்கும்மா" என்றார் செண்பகராமன். "கைரேகை மாதிரி. எதை முதல்ல எடுக்காங்க, எங்க தாவுறாங்க, எதைச் சொல்லாம விடுதாங்க. கையெழுத்தை மாத்தலாம். இதை மாத்த முடியாது. அஞ்சு வருசமா பாக்கோம். முப்பத்தெட்டு கேஸ். ஒண்ணுலகூட தப்பினதில்ல."

"தப்பலன்னு யார் சார் பாத்தது?"

செண்பகராமனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விதி இருந்தது. புகாருக்கு உள்ளானவர் கேட்டால் நாணயச் சோதனை நடத்த வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்ததே ஜெபசீலன்தான். முதலாண்டில் ஐந்தாவது வாரம் அதைப் பாடமாகவும் நடத்துவார். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது நான் மாணவன்.

"சோதனை வேணும் சார்" என்றாள்.

"அது என்ன சோதனைன்னு தெரிஞ்சு கேக்கியாம்மா?" என்றார் ஜெபசீலன்.

"ரெண்டு டம்ளர் தண்ணி சார். ஒண்ணு ஆத்துத் தண்ணி, ஒண்ணு போர் தண்ணி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒருத்தர் தனக்கு வித்தியாசம் தெரியும்கிறாரு. நான் திரும்பி நின்னு காசு சுண்டி, விழுறதைப் பொறுத்து ஒரு டம்ளரைக் குடுப்பேன். அவரு எதுன்னு சொல்லணும். இருபது தடவையும் சரியா சொல்லிட்டா அவருக்குத் தெரியும்னு நான் ஒத்துக்கிடணும். எப்படித் தெரியும்னு எனக்குப் புரிய வேண்டியதில்ல."

"சும்மா அடிச்சு விட்டு இருபதும் சரியா வர எத்தனை வாய்ப்பு?"

"பத்து லட்சத்துல ஒண்ணு."

"உக்காரு" என்றார் அவர். வகுப்பில் சொல்கிற அதே குரல்.

சோதனைக்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. அவள் கேட்டாலும் கேட்பாள் என்று காலையிலேயே மாரிக்கனியையும் நயினாரையும் தனித்தனி அறையில் வைத்து ஒரே இருபது கேள்விகளுக்கு விடை எழுத வைத்திருந்தார்கள். நயினார் எழுதிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். நாற்பது விடைகளையும் ஜெபசீலன் தன் கையெழுத்தில் நாற்பது சீட்டுகளாகப் படியெடுத்திருந்தார். இரண்டு உறைகள். தலை விழுந்தால் மாரிக்கனியின் சீட்டு, பூ விழுந்தால் நயினாரின் சீட்டு. சீட்டைக் கேமராவுக்குக் கீழே வைத்தால் யாருடையது என்று உரைகல் சொல்ல வேண்டும்.

செண்பகராமன் நாணயத்தை ஒரு கோப்பு அட்டைக்குப் பின்னால் சுண்டினார். பெட்டிக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு மட்டும் காட்டினார். அண்ணாச்சி தட்டினார். "பதிவு ஆச்சு சார்." அதன் பிறகு செண்பகராமனே அட்டை மறைவில் உறையிலிருந்து சீட்டை எடுத்து வைத்தார். திரையில் பெயர் வந்தது: மாரிக்கனி. சரி.

இந்த "பதிவு ஆச்சு சார்" என்பது எங்கள் பல்கலைக்கழகத்துக்கே உரிய வியாதி. முன்பு ஒரு விசாரணையின் நடவடிக்கைக் குறிப்பை மறுநாள் உட்கார்ந்து எழுதினார்கள் என்று நீதிமன்றம் அந்த விசாரணையையே தள்ளிவிட்டது. அன்றிலிருந்து முதலில் பதிவு, பிறகுதான் செயல். எதைச் செய்வதானாலும் எழுத்தர் தட்டி, "ஆச்சு" என்று சொன்ன பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். தலைவர் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் இடைவேளை என்றால், அது பதிவாகும்வரை டம்ளர் வாய்க்குப் போகாது.

இருபது சுண்டல் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இருபதுக்கு இருபது.

மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். முதல் முறையாகத் தன் கையைப் பார்த்தாள்.

"முடிஞ்சுது" என்றார் செண்பகராமன். "பதிவு பண்ணுங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். தூக்கம் கண்ணை அடைத்தது. அவள் மேல் எனக்கு இரக்கம் எதுவும் இல்லை. ஆனால் ஏழாவது சீட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. ஏழாவது கேள்விக்கு ஒரு சொல்லில் விடை. இரண்டு பேரும் 'முடியாது' என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒரே சொல், ஒரே கையெழுத்து. உரைகல் நயினார் என்றது. நயினார்தான். பன்னிரண்டும் அப்படியே. பதினாறும் அப்படியே.

"சார், ஒரு நிமிசம்" என்றேன்.

"உன் வேலை பெட்டியைப் போடுறதும் அணைக்கிறதும்" என்றார் செண்பகராமன்.

"அதைத்தான் சொல்லுதேன். அணைக்கிறதுக்கு முன்னால இன்னொரு தடவை."

"ஏம்ல, ராத்திரி தூங்குத இடத்துல தூங்காம இங்க வந்து கனா காணுதியா?" என்றார் அண்ணாச்சி.

"ஜெபசீலன் சார்கிட்ட ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்க அண்ணாச்சி. 'முடியாது'ன்னு ஒரே ஒரு சீட்டு. தலை விழுந்தாலும் அதே சீட்டு, பூ விழுந்தாலும் அதே சீட்டு. இருபது தடவை."

"அதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றார் செண்பகராமன்.

"ஒண்ணும் இல்ல சார். அதான்."

ஜெபசீலன் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்து ஒரு சீட்டு எழுதினார். "புகாருக்கு உள்ளானவர் கூடுதல் சோதனை கேக்கலாம், விதியில இருக்கு" என்று சொல்லிவிட்டு மாரிக்கனியைப் பார்த்தார். "கேக்கியாம்மா?"

"கேக்கேன் சார்." என்னை ஒரு விநாடி பார்த்தாள். நான் எதற்காக இதைச் செய்கிறேன் என்று அவளும் யோசித்தாள் போலிருக்கிறது.

தலை. பதிவு ஆச்சு. சீட்டு. மாரிக்கனி. பூ. பதிவு ஆச்சு. அதே சீட்டு. நயினார். பூ. நயினார். தலை. மாரிக்கனி.

மணி ஒன்று பத்துக்கு இருபதும் முடிந்தது. இருபதுக்கு இருபது.

"ஒரே ஜக்குத் தண்ணியை ஊத்திக் குடுத்தாலும் ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியான்னு சரியா சொல்லுதுன்னா, அது தண்ணியைக் குடிக்கல சார்" என்றேன். "உங்க கையைப் பாக்குது."

செண்பகராமன் உடனே கோப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவர்சில்வர் ஜக்கில் பிம்பம் விழுமோ என்று அதைத் தரையில் இறக்கினார். நான் கேமராவைக் கைக்குட்டையால் மூடினேன். "இப்பச் சுண்டுங்க சார். சீட்டே வேண்டாம்."

சுண்டினார். அண்ணாச்சி தட்டினார். கண் கட்டிய பெட்டி நயினார் என்றது. நாணயம் பூவாக இருந்தது.

ஒருவரை ஒருவர் பார்த்தோம். செண்பகராமன் ஜெபசீலனைப் பார்த்தார். ஜெபசீலன் என்னைப் பார்த்தார். பெட்டியைத் தினமும் தொடுகிறவன் நான். என்னைச் சந்தேகிப்பதுதான் நியாயம். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். நாணயத்தைச் செண்பகராமன் தவிர வேறு யார் பார்த்தது?

"என்னவே எல்லாரும் என்னையப் பாக்கிய?" என்றார் அண்ணாச்சி. "நான் வாயைத் திறந்தேனா?"

"நீங்க என்ன தட்டுதீங்க அண்ணாச்சி?"

"தலைன்னா தலைன்னு. பூன்னா பூன்னு. வேற என்னத்தைத் தட்ட?"

"தட்டுனது எங்க போகுது?"

"சர்வருக்கு. நீதானடே அங்க ராத்திரி பூரா உக்காந்திருக்க, என்கிட்ட கேக்க?"

உண்மைதான். நடவடிக்கைக் குறிப்பு வருகிற சர்வர் என் இடது பக்கம். உரைகல்லின் ஒயர் வந்து சேர்கிற சர்வர் அதே அலமாரியில் ஒரு தட்டு கீழே. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் நீலக் கம்பி. ஐந்து வருடம் அதைத் தூசு தட்டியிருக்கிறேன். மேலே வருவதைக் கீழே இருப்பது படிக்கும் என்று தோன்றவில்லை.

"காகிதத்துல எழுதுங்க அண்ணாச்சி" என்றேன். "பென்சில்ல. கணினி வேண்டாம்."

விதி மீறல் என்றார் செண்பகராமன். பிறகு அவரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நாணயத்தை எடுத்தார். இந்தத் தடவை உண்மையான சீட்டுகள், இரண்டு உறைகளிலிருந்தும். தட்டச்சு இல்லாததால் வேகமாக முடிந்தது. இருபதுக்கு ஒன்பது.

நாணயத்தையே கேட்டிருந்தால் பத்து சரியாகச் சொல்லியிருக்கும்.

"யார் இதை இப்படிச் செஞ்சு வச்சது?" என்று செண்பகராமன் என்னிடம் கேட்டார். மனிதர் வியர்த்திருந்தார்.

"யாரும் செய்யல சார். சரியா சொன்னா நல்லதுன்னு மட்டும் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. விடை எங்க கிடைக்குதோ அங்கருந்து எடுத்துக்கிடும். யோசிக்கிறதை விட எட்டிப் பாக்குறது சுலபம்லா."

"அதுக்குப் பேருதான் நம்ம ஊர்ல காப்பி" என்றார் அண்ணாச்சி.

ஜெபசீலன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டியபடியே பேசினார். "நாணயத்தைப் பாத்து எழுதுச்சு, சரி. தீர்ப்பு? இந்தப் புள்ள காப்பியடிச்சதுன்னு அது சொன்னதே, அதை எங்கருந்து பாத்து எழுதுச்சு?"

பதிலையும் அவரே சொன்னார்.

"என் புகார்லருந்து" என்றார். "முதல்ல பதிவு, பிறகுதான் செயல். நான் சந்தேகப்பட்டுப் புகார் தட்டின பிறகுதான் தாளை உரைகல்லுக்கு அனுப்புதோம். ஒவ்வொரு கேஸ்லயும் ஒரு வாத்தியார் முதல்ல தட்டியிருக்கான், எனக்கு இவன் மேல சந்தேகம்னு. அது ஆமாங்குது."

"முப்பத்தெட்டுப் பேர்ல எத்தனை பேர் கட்டணமில்லா இடம் சார்?" என்று மாரிக்கனி கேட்டாள்.

செண்பகராமன் கோப்பைத் திறக்கவில்லை. அவருக்கு மனப்பாடமாக இருந்தது. "முப்பத்தொண்ணு."

மணி இரண்டு அடித்தது. எதிர்க் கட்டடத்தில் தேர்வு தொடங்கும் மணி. மாரிக்கனி எழுந்தாள். "சார், நான் போலாமா?"

"உக்காரும்மா" என்றார் செண்பகராமன்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எளிது. இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துவிட்டு, நிதானமாக, ஒரு மாணவன் கேட்பதைப் போல ஜெபசீலனிடம் கேட்டார். "சோதனை தப்பு. ஒத்துக்கிடுதேன். அதனால தீர்ப்பும் தப்புன்னு ஆயிடுமா? வாத்தியார் சந்தேகப்பட்டது சரியாவும் இருக்கலாம்லா?"

ஜெபசீலன் ஜன்னலிலிருந்து திரும்பினார். "ஆயிடாது" என்றார். "நிரூபணம் உடைஞ்சா முடிவு பொய்னு ஆகாது. முதல் வாரம் நடத்துற பாடம் அது."

"அப்ப எனக்கு இருக்கிற விதி இது. கருவி ஒரு கேஸ்லயாவது தப்பான தீர்ப்பு சொன்னதுன்னு பதிவுல வந்தா, அந்த நிமிசத்துலருந்து அதன் பேர்ல போட்ட எல்லா உத்தரவையும் நான் நிறுத்தி வைக்கலாம். முப்பத்தெட்டையும். இந்தப் புள்ளையோடதையும் சேத்து. அப்படி ஒண்ணு இல்லன்னா ஆட்சிக்குழுவுக்கு எழுதிட்டுக் காத்திருக்கணும். அதுக்கு மாசக்கணக்கு ஆகும்." கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு கேஸ். தப்புன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரே ஒரு கேஸ் வேணும்."

அவர் பார்வை என் பக்கம் வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை.

"முதல் கேஸ் நீதானடே" என்றார்.

மாரிக்கனி என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியாது. இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஐந்து வருடத்துக்கு முன்னால் உரைகல் பிடித்த முதல் மாணவன் இசக்கிமுத்து. அதே தாள். மூன்று வருடத் தடை. நான் மேல்முறையீடு செய்யவில்லை. தடை முடிந்தும் வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. தடை விழுந்த வருடமே சர்வர் அறைக்கு இரவு ஆள் வேண்டும் என்றார்கள். வந்து உட்கார்ந்துகொண்டேன்.

"நீ அன்னிக்குப் பாத்து எழுதினியா, இல்லையா?" என்றார் செண்பகராமன். "யோசிச்சுச் சொல்லு. பதிவுல வரும்."

நான் பார்த்துத்தான் எழுதினேன்.

முன்னால் இருந்தவன் வரைந்திருந்த படத்தை, ஒரு அம்புக்குறி மாறாமல், அவன் தப்பாகப் போட்டிருந்த வட்டத்தையும் சேர்த்து வரைந்தேன். உரைகல் என்னைச் சரியாகப் பிடித்தது. அதனால்தான் இத்தனை வருடம் அதை நம்பினேன். என்னைப் பிடித்த பெட்டி மற்றவர்களையும் அப்படித்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பருவமும் அந்த அறைக்குள் போய் அழுதுகொண்டு வெளியே வந்தவர்களைப் பார்த்து, உனக்கு இது தேவைதான், எனக்கும் தேவைதான் என்று நினைத்திருக்கிறேன். ஒருவன் என் காலைப் பிடித்தான், பெட்டியில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று பாருங்கள் அண்ணே என்று. கோளாறே வராதுடே, போ என்றேன். அவன் கட்டணமில்லா இடம். பெயர் நினைவில்லை.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. பெட்டி ஒரு கேஸில் சரியாகச் சொன்னது, புகாருக்கு உள்ளானவரே ஒப்புக்கொண்டார் என்று பதிவாகும். ஆட்சிக்குழுவுக்குப் போகும். பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

"இல்ல சார்" என்றேன். "நானா யோசிச்சு எழுதினது."

"அப்ப ஏன் மேல்முறையீடு பண்ணல?"

"பயந்துட்டேன் சார்."

கோமதிநாயகம் அண்ணாச்சி கையைத் தூக்கியபடி வைத்திருந்தார். தட்டவா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார். செண்பகராமன் ஜெபசீலன் பக்கம் திரும்பினார். "அந்தத் தேர்வுக்கு ஹால்ல இருந்தது நீங்கதானே?"

"நான்தான்."

"இவன் பாத்து எழுதினதை நீங்க பாத்தீங்களா?"

ஜெபசீலன் ஜன்னலை விட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் நிமிர்ந்தபோது அவர் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் கண்கள் சந்தித்தன. அவர் எதுவும் சொல்லாமல் நகர்ந்து போனார். மறுநாள் புகார் தட்டினார். அதில் கண்ணால் கண்டேன் என்று எழுதவில்லை. சந்தேகம் என்று மட்டும் எழுதினார். ஏன் என்று நான் கேட்டதில்லை. என் படிப்பு போக வேண்டும், ஆனால் அது தன் கையால் போனதாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். பெட்டி வந்த பிறகு நிறையப் பேருக்கு அந்த வசதி கிடைத்தது.

"பாக்கல" என்றார் ஜெபசீலன். "எனக்குச் சந்தேகம் மட்டும்தான். அது தப்பு."

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பதிவு பண்ணுங்க" என்றார் செண்பகராமன்.

"கணினியிலயா, பென்சில்லயா சார்?"

"கணினியில ஓய்!"

அண்ணாச்சி தட்டினார். நீளமான வாக்கியம். நான் உரைகல்லின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. அது எதுவும் சொல்லவில்லை. கைக்குட்டை இன்னும் அதன் கேமரா மேல் கிடந்தது.

"பதிவு ஆச்சு சார்."

முப்பத்தெட்டு உத்தரவுகளும், மாரிக்கனியின் உத்தரவும் நிறுத்தி வைக்கப்பட்டன. அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கியது. அண்ணாச்சி அதை உருவி எடுத்து, மறுபடி அச்சிட்டு, முத்திரை வைக்கும்போது மணி இரண்டு இருபது. செண்பகராமன் கையெழுத்தை நின்றபடியே போட்டார். "கூடப் போடே, ஹால்ல அவளை விட மாட்டான். ஆர்டரைக் காட்டி உள்ள விடு" என்றார் என்னிடம்.

ஓடினோம். படிக்கட்டு, சைக்கிள் நிறுத்துமிடம், எதிர்க் கட்டடம், மறுபடி படிக்கட்டு. தூங்காத உடம்பு எனக்கு. அவள் என்னை முந்திப் போய், இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, நான் வரும்வரை காத்திருந்தாள். உத்தரவு என் கையில் இருந்தது.

"அண்ணே."

"ஓடு."

"நீங்க நெசமாவே பாத்து எழுதலையா?"

மேலே வராந்தாவில் ஹால் கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார். நான் உத்தரவை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். முத்திரையை ஒரு தடவை, கையெழுத்தை ஒரு தடவை பார்த்தார். "இன்னும் ரெண்டு நிமிசம் பிந்தியிருந்தா கடவுளே வந்தாலும் விட மாட்டேன். ஹால் டிக்கெட்டை எடும்மா, சீக்கிரம்."

அவள் பையைத் துழாவினாள். என்னையே பார்த்துக்கொண்டு துழாவினாள். பதில் வாங்காமல் போக மாட்டாள் போலிருந்தது.

"நீ பாத்து எழுதினியா?" என்றேன்.

அவள் கை பைக்குள் நின்றது. வாய் லேசாகத் திறந்தது.

"வெளிய நின்னு என்ன பேச்சு? உள்ள போ" என்று கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, அவளைத் தோளைத் தொடாமல் கையசைப்பாலேயே உள்ளே தள்ளினார். அவள் போனாள். நீண்ட ஹாலில் எல்லாத் தலைகளும் ஒரு தடவை நிமிர்ந்து மறுபடி குனிந்தன. காலியாக ஒரே ஒரு இடம் இருந்தது, மூன்றாவது வரிசையில். அதற்கு முன்னால் இருந்த முதுகு நயினாருடையதா என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் கண்காணிப்பாளர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகு பூட்டு.